கொய்சுமி யாக்குமோ

கிரேக்கத் தீவாகிய லெப்காதாவில் 1850-இற் பிறந்து, அமெரிக்காவிற் பத்திரிகைத் தொழில் புரிந்த லப்காதியோ ஹெர்ன் என்பார், 1890-இல் ஜப்பானை அடைந்தனர். மட்சுவே நகரில் ஆங்கிலம் கற்பிக்கப் புகுந்தவர்க்கு அந்நாட்டு உடையும், பாயில் அமரும் வழக்கமும், முன்னோர் வழிபாடும் பெரிதும் உவப்பாயின. சாமுராய்க் குலத்து நங்கையாகிய செட்சுவை மணந்தனர்.

ஈண்டு ஓர் இடர் நேர்ந்தது. ஆங்கிலச் சட்டப்படி மணத்தைப் பதிவு செய்யின் மனைவியார் தம் நாட்டுரிமையை இழப்பர்; செய்யாதொழியின், தமக்குப்பின் பொருள் மனைவி மக்களைச் சேர்தல் ஐயமாம். ஆதலின் 1896-இற் பிரித்தானியக் குடியுரிமையைத் துறந்து, மனைவியாரது குடிப்பெயரைத் தாமே பூண்டனர். மணமகளே பெயர் மாறக் கண்டு பழகிய யாம் இதனை வியவாதிருத்தல் யாங்ஙனம்?

அவர் நேசித்த பழைய ஜப்பானோ மேனாட்டு நெறியிலே விரைந்து மாறிவந்தது. டோக்கியோப் பல்கலைக்கழகப் பதவியும் 1903-இல் நீங்கிற்று. மனைவியார் சொல்லக்கேட்ட பழங்கதைகள் பலவற்றைக் ‘குவைதான்’ என்னும் நூலில் அமைத்து 1904-இல் வெளியிட்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 26-இல் உயிர் நீத்தனர். பௌத்த முறைப்படி ஈமக்கடன் நிகழ்ந்தது.