கடலைக் கண்ணாடிக்குள் வைத்த தையற்காரி

கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர். பாறையில் பூத்த மலர்களைப் போலக் கடல் உயிர்கள் அசைகின்றன. அவற்றின் நடுவே வண்ண மீன்கள் நீந்துகின்றன.

பார்க்க அழகுதான். ஆனால் இப்படித் தொட்டி வைக்கிறவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குள் ஒரு பெரிய வழக்கே நடக்கிறது!

தொட்டியின் அடியில் மணல் போட வேண்டுமா? அல்லது வெறும் கண்ணாடியாகவே விட்டுவிட வேண்டுமா?

இதுதான் வழக்கு. மணல் இல்லாத தொட்டி கடலே அல்ல என்கிறது ஒரு கட்சி. மணல் என்பது குப்பைக் கிடங்கு என்கிறது இன்னொரு கட்சி.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு பெண்மணி. இறந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் அவர்தான்.

அவர் பெயர் ழான் வில்ப்ரு.

புதுவை மக்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. கடற்கரைப் பக்கம் ழான் தார்க் என்ற வீரப் பெண்ணின் சிலை இருக்கிறதே, அதே ழான்தான். அந்த ழான் வாள் எடுத்தார். இந்த ழான் எடுத்தது ஊசி!

செருப்புத் தொழிலாளியின் மகள்

பிரான்சு நாட்டில் ழுயிலாக் என்று ஒரு சிற்றூர். அங்கே 1794-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ழான் பிறந்தார். தகப்பனார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. தாயாரும் தையல் வேலை செய்தவர்.

பெரிய படிப்பு எதுவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியும். அவ்வளவுதான்.

18 வயதில் ஊரை விட்டுப் புறப்பட்டார். எங்கே? பாரீஸ் நகருக்கு! எப்படி? கால்நடையாக! 400 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். வில்லியனூரிலிருந்து நடந்தே மதுரைக்குப் போய், அங்கேயும் நிற்காமல் மேலும் நடப்பது போல.

பாரீசில் ஒரு தையற்கடையில் உதவியாளாகச் சேர்ந்தார். கை வேலையில் கெட்டிக்காரி. துணியில் பூ வேலை செய்வதில் நல்ல பெயர் எடுத்தார்.

1816-ம் ஆண்டு பிரெஞ்சு அரச குடும்பத்தில் ஒரு கலியாணம். மணப்பெண், சிசிலி நாட்டு ராஜகுமாரி கரோலின். கலியாண உடைக்குப் பூ வேலை செய்யும் பொறுப்பு ழானுக்குக் கிடைத்தது. செருப்புத் தொழிலாளியின் மகள் தைத்த உடையை ராஜகுமாரி உடுத்தினாள்!

அதே 1816-ல்தான் இங்கே நம் பக்கத்திலும் ஒரு மாறுதல் நடந்தது. ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த புதுச்சேரியை டிசம்பர் 4-ந் தேதி பிரெஞ்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். வில்லியனூரும் பாகூரும் மீண்டும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் வந்தன.

கடல் அழைத்தது

ஜேம்ஸ் பவர் என்ற வியாபாரி ழானைச் சந்தித்தார். 1818-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. இடம், சிசிலித் தீவில் உள்ள மெசினா துறைமுகம். அங்கேயே குடித்தனம்.

கணவர் வசதியானவர். வேலை செய்து பிழைக்க வேண்டிய நிலை இனி இல்லை. வேறொருவராக இருந்தால் விருந்தும் விழாவுமாகக் காலம் கழித்திருப்பார். ழான் புத்தகங்களை எடுத்தார். தாமாகவே இயற்கை நூல்களைப் படித்தார். சிசிலித் தீவு முழுவதும் சுற்றினார். செடி, பூச்சி, கல், கிளிஞ்சல் எல்லாவற்றையும் சேகரித்தார்.

மெசினாக் கடலில் ஓர் அதிசய உயிர் இருந்தது. அதுதான் அவர் வாழ்க்கையையே மாற்றியது.

ஓடு யாருடையது?

நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்வார்களே, எட்டுக் கை உள்ள உயிர், அந்த இனத்தைச் சேர்ந்தது அது. பெயர் ஆர்கோனாட். பேய்க்கணவாய்க்கு மேலே ஓடு கிடையாது. ஆனால் பெண் ஆர்கோனாட்டுக்கு ஓடு உண்டு. காகிதம் போல மெல்லிய வெள்ளை ஓடு. அதற்குள் முட்டைகளை வைத்துக்கொண்டு கடலில் மிதக்கும்.

அந்த ஓடு அதன் உடம்போடு ஒட்டியிருக்காது. அதனால் அறிஞர்களுக்குச் சந்தேகம். இந்த ஓடு அதற்குச் சொந்தமா? இல்லை, வேறு உயிரின் ஓட்டில் புகுந்துகொண்டதா?

மூர்த்திக்குப்பத்துக் கடற்கரையில் சின்ன நண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். காலியான சங்குக்குள் புகுந்து அதையே வீடாக்கிக்கொண்டு திரியும். ஆர்கோனாட்டும் அதைப் போன்ற திருட்டுக் குடித்தனக்காரன்தான் என்று பெரிய விஞ்ஞானிகள் பலர் நம்பினார்கள். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து 2000 ஆண்டுகளுக்கு மேலாக இந்த உயிரைப் பற்றிக் கதைகள் உலவி வந்தன. அதன் இரண்டு கைகளில் அகன்ற சவ்வு இருக்கும். அதைப் பாய்மரமாக விரித்துக் கப்பல் போல ஓடுகிறது என்றும் சொன்னார்கள்.

ஏன் யாருக்கும் உண்மை தெரியவில்லை? எல்லாரும் செத்த ஆர்கோனாட்டைத்தான் பார்த்தார்கள். சாராயப் புட்டியில் ஊறிய உடலைப் பார்த்துத் தர்க்கம் செய்தார்கள்.

உயிரோடு பார்த்தால் அல்லவா உண்மை தெரியும்? ழான் அப்படித்தான் நினைத்தார்.

மூன்று வகைத் தொட்டி

1832-ல் அவர் வேலையைத் தொடங்கினார். ஒன்றல்ல, மூன்று வகைத் தொட்டிகளை உருவாக்கினார்.

முதல் வகை, கண்ணாடித் தொட்டி. வீட்டுக்குள் வைத்துக் கடல் நீர் நிரப்பி, கிட்ட இருந்து பார்ப்பதற்கு.

இரண்டாம் வகையும் கண்ணாடித் தொட்டிதான். அதைச் சுற்றி ஒரு கூண்டு. கடலில் இறக்கி வைக்கலாம். வேண்டும்போது மேலே தூக்கிப் பார்க்கலாம்.

மூன்றாம் வகை, பெரிய கூண்டு. நங்கூரம் போட்டுக் கடலிலேயே நிறுத்துவது. கடல் நீர் உள்ளே புகுந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

எதற்காக மூன்று? எல்லா உயிருக்கும் ஒரே வீடு பொருந்தாது என்பதை அவர் கண்டுகொண்டார். கிட்டப் பார்க்க வேண்டிய உயிருக்கு ஒன்று. ஓடும் நீர் இல்லாமல் வாழாத உயிருக்கு இன்னொன்று. உயிரைத் தம் தொட்டிக்கு ஏற்ப வளைக்கவில்லை. தொட்டியை உயிருக்கு ஏற்ப வளைத்தார்.

உண்மை வெளிப்பட்டது

ஆர்கோனாட்டின் முட்டைகள் பொரிவதைப் பார்த்தார். குஞ்சுகளுக்கு ஓடு இல்லை! வளர்ந்த பிறகுதான் ஓடு உண்டாயிற்று.

பிறகு ஒரு சோதனை செய்தார். பெரிய ஆர்கோனாட்டின் ஓட்டில் ஒரு பகுதியை உடைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த உயிர் சவ்வுக் கைகளை ஓட்டின் மேல் போர்த்திக்கொண்டது. உடைந்த இடம் அடைபட்டது. தன் வீட்டைத் தானே பழுது பார்த்துவிட்டது!

பாய்மரம் என்று உலகம் சொன்ன அந்தக் கைகள், உண்மையில் வீடு கட்டும் கொத்தனாரின் கைகள்.

வழக்குத் தீர்ந்தது. ஓடு அதற்கே சொந்தம்.

கட்டானியா நகரத்து விஞ்ஞானச் சங்கம் அவர் ஆராய்ச்சியை ஏற்றது. அச்சங்கத்தின் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது. 1839-ல் இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானி ரிச்சர்டு ஓவன், ழான் அனுப்பிய ஆர்கோனாட்டுகளை லண்டன் விலங்கியல் சங்கத்தின் முன் வைத்து விளக்கினார்.

கடலில் மூழ்கிய உழைப்பு

அதற்கு முன்பே ஒரு பேரிடி விழுந்திருந்தது.

1838-ல் ழான் தம் சேகரிப்புகளையும் குறிப்புகளையும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். அந்தக் கப்பல் மூழ்கிவிட்டது. ஆண்டுக்கணக்காகச் சேர்த்ததில் பெரும்பகுதி கடலோடு போயிற்று. எந்தக் கடல் அவருக்குப் புகழ் கொடுத்ததோ, அதே கடல் அவர் உழைப்பை விழுங்கியது!

1843-ல் கணவன் மனைவி இருவரும் சிசிலியை விட்டே வந்துவிட்டார்கள். பிறகு பாரீசிலும் லண்டனிலும் வாழ்ந்தார்கள்.

1850-க்குப் பின் இங்கிலாந்தில் மீன் தொட்டிப் பைத்தியம் பிடித்தது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மக்கள் பார்ப்பதற்கு மீன் தொட்டி மாளிகையே திறந்தார்கள். தொட்டியைக் கண்டுபிடித்தவர் இவர், அவர் என்று பல பெயர்கள் அடிபட்டன. தையற்காரப் பெண்ணை யார் நினைப்பார்?

ழான் சும்மா இருக்கவில்லை. தாம் செய்ததை ஆண்டோடு எடுத்து எழுதினார். 1858-ல் அதே ஓவன், இந்தக் கலைக்கு முன்னோடி ழான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

இப்போது மணல் வழக்கு

ழான் வழியில் நின்று நம் வழக்கைப் பார்ப்போம்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மணலின் ஒவ்வொரு பொடியும் இந்த நுண்ணுயிர்களுக்கு வீடு. மணல் 10 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக இருந்தால், அடியில் பிராண வாயு இராது. அங்கே வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டையும் வாயுவாக்கி வெளியே அனுப்பிவிடும். இது மணல் கட்சியின் பலம்.

ஆனால் ஆபத்தும் உண்டு. மீன் தின்று மிஞ்சிய தீனியும் கழிவும் மணலில் இறங்கித் தங்கும். நாளானால் அடி மண் கறுக்கும். பாகூர் வயலில் தண்ணீர் தேங்கிய சேற்றைக் கிளறினால் கறுப்பாக வந்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதே கதைதான் தொட்டியிலும். பழைய ஆழ் மணலைத் திடீரென்று கிளறினால் நச்சு வாயு வெளிப்படும். மீன்கள் செத்துப்போகலாம்.

வெறும் அடித்தளத்தில் இந்தத் தொல்லை இல்லை. அழுக்கு கண்ணுக்குத் தெரியும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். பம்பு வைத்து நீரை வேகமாகச் சுழற்றலாம். மணல் பறந்து பவள உயிர்களின் மேல் விழாது. நுண்ணுயிர்கள் எங்கே வாழும் என்கிறீர்களா? உள்ளே வைக்கும் துளைப் பாறைகளிலும், நீர் வடிகட்டும் சாதனத்திலும் வாழும். ஆனால் கடலின் அழகு கொஞ்சம் குறையும். அடிக்கடி சுத்தம் செய்யும் பொறுப்பும் நம் தலையில் விழும்.

அப்படியானால் தீர்ப்பு என்ன?

ழான் முதலில் தொட்டியைப் பார்க்கவில்லை. உயிரைப் பார்த்தார். நாமும் அப்படியே பார்ப்போம். இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும் மீன்கள் உண்டு. மணலில் வளை தோண்டி வாழும் மீன்கள் உண்டு. அவற்றுக்கு மணல்தான் படுக்கை, மணல்தான் வீடு. அதைப் பறிப்பது கொடுமை. அலை மோதும் பாறையில் ஒட்டி வாழும் பவள உயிர்களுக்கோ வேகமான நீரோட்டம்தான் உயிர். அவற்றை மட்டும் வளர்க்கிறவருக்கு வெறும் தளம் போதும். இரண்டும் கலந்து வளர்க்கிறவர் 2, 3 சென்டிமீட்டர் மெல்லிய மணல் போட்டு, பகுதி பகுதியாகச் சுத்தம் செய்யலாம். ஆனால் வளை தோண்டும் மீன் இருந்தால் மணல் அதற்குப் போதுமா என்று கேட்டறிய வேண்டும்.

ஆகவே யாரைக் குடிவைக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடித்தளம் தானே முடிவாகிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாறை கட்டும் பவள உயிர்கள் 1972-ம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001-ல் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்தோ வேறு நம் கடலிலிருந்தோ அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். அழகுக்காகக் கடலைக் கொள்ளையடிக்கக் கூடாது.

கடைசி நாட்கள்

1870-ல் ஜெர்மானியப் படை பாரீஸ் நகரை முற்றுகையிட்டது. பட்டினி வாட்டியது. வயது முதிர்ந்த ழான் நகரை விட்டுத் தப்பி, தாம் பிறந்த ழுயிலாக் சிற்றூருக்கே திரும்பினார். 1871-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி அங்கே காலமானார். வயது 76.

நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகம் அவரை ஏறக்குறைய மறந்தே போயிற்று. 1997-ல் வெள்ளிக் கிரகத்தில் உள்ள ஒரு பெரும் பள்ளத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

எழுதப் படிக்க மட்டுமே கற்ற ஓர் ஏழை வீட்டுப் பெண், பெரிய பண்டிதர்கள் தீர்க்காத வழக்கைத் தீர்த்தார். அவரிடம் இருந்த ஆயுதங்கள் பொறுமை, கூர்மையான கண், தையல் பழகிய கை. இவை எந்தக் கல்லூரியிலும் விலைக்குக் கிடைப்பதில்லை. எந்தக் குடிசையிலும் பிறக்கலாம்.