இருபெரும் இசைமரபுகளின் உறவு கண்ட உஸ்தாத் அப்துல் கரீம்கான்

தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே கடைவீதியில் ஒலிக்கும் மண் நம் ஓசூர் – கிருட்டிணகிரி எல்லைப் பகுதி. ஆலைகளை நாடிப் பிற மாநிலத்தாரும் இங்கு வந்து குடியேறியுள்ளனர். அண்டையிலுள்ள பெங்களூரு வானொலியில் கருநாடக இசையையும் இந்துஸ்தானி இசையையும் கேட்டு வளர்ந்தோர் நம்மிடையே உண்டு. இவ்விரண்டையும் மாறிமாறிக் கேட்குங்கால், முன்பே அறிந்த இராகம் ஒன்று வேற்றுடை தரித்து வந்து நிற்பதாக நாம் வியப்பதுண்டு. அவ்வியப்பை வியப்பளவில் விடாது, பயின்று தமதாக்கிக்கொண்ட பெருமகனார் உஸ்தாத் அப்துல் கரீம்கான் ஆவார்.

இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள கைரானா என்னும் ஊரில், வழிவழியாக இசை வளர்த்த குடும்பத்தில் 1872ஆம் ஆண்டு அவர் பிறந்தார். கிரானா என்றும் வழங்கிய அவ்வூரின் பெயராலேயே அவர்தம் பாணி கிரானா கரானா எனப் பெயர் பெற்றது. பரோடா அரசவையில் பாடிய அவர், பின்னர் மராட்டியப் பகுதிக்குப் பெயர்ந்தார். 1913இல் புனேயில் ஆரிய சங்கீத வித்தியாலயத்தை நடத்தினார். மிரஜ் நகரையே தம் நிலையான இருப்பிடமாக்கிக் கொண்டார்.

இசைப்புலவர்களைப் போற்றிய மைசூர் அரசவை அவரைப் பன்முறை அழைத்துச் சிறப்பித்தது. தென்னாட்டு இசையோடு அவருக்கு நெருங்கிய உறவு அமைந்தது அவ்வழியேயாகும். நம் இந்தோளமும் வடவரின் மால்கௌன்சும் ஒரே ஐந்து சுவரங்களால் ஆனவை. மோகனத்தின் சுவரங்களே பூபாளியிலும் உள்ளன. சீன நாட்டின் தொன்மையான ஐஞ்சுவர இசையிலும் அவை ஒலிக்கின்றன. கரகரப்பிரியாவின் சுவரங்கள் வடநாட்டில் காபி தாட்டிலும், ஐரோப்பியத் தேவாலய இசையின் டோரியன் முறையிலும் அமைந்துள்ளமை எண்ணி இன்புறத்தக்கது.

எனினும் சுவரம் ஒன்றாயினும் நடை ஒன்றன்று. தென்னிசையில் கமகம் சுவரத்தை அசைத்து உயிரூட்டும். வடவிசையில் ஒரு சுவரத்திலேயே நெடிது நின்று, மெல்ல அடுத்ததற்கு வழுக்கிச் செல்வர். ஆதலின், எல்லாம் ஒன்றே என்று கூறி அமைதல் எளிது. பிறர் மரபினை அதன் இலக்கணத்தோடு கற்பது அரிது. கான் சாகிப் அரியதையே மேற்கொண்டார். தியாகராசரின் கரகரப்பிரியாக் கீர்த்தனையொன்றைத் தெலுங்கு மொழியிலேயே பயின்று பாடி இசைத்தட்டிலும் பதிவு செய்தார். சுவரங்களைப் பெயர் சொல்லிப் பாடும் தென்னக முறையைத் தம் கயால் பாட்டிலும் ஏற்றார். அதனால் அவருடைய கிரானா பாணி சிதையவில்லை, வளமே பெற்றது.

1937ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27ஆம் நாள், சென்னையிலிருந்து புதுச்சேரி நோக்கி இரயிலில் சென்றுகொண்டிருந்தபோது அவருக்கு நெஞ்சுவலி கண்டது. செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினார். அங்கே தொழுகையை நிறைவேற்றி, தம்பூராவின் சுருதியில் தர்பாரி இராகத்தில் இறைவனை நினைந்து பாடியவாறே உயிர் நீத்தார் என்பர். வடபுலத்தில் பிறந்த அவர் தமிழ் மண்ணில் கண்மூடி, மிரஜ் நகரின் குவாஜா மீரா சாகிப் தர்கா வளாகத்தில் அடக்கமானார். ஆண்டுதோறும் அங்கே அவர் நினைவாக இசைவிழா நிகழ்ந்து வருகிறது.

அவர்தம் மாணவர் சவாய் கந்தர்வர் கன்னட நாட்டவர். அவரிடம் பயின்ற கங்குபாய் ஹங்கலும் பீம்சேன் ஜோஷியும் அந்நாட்டினரே. கான் சாகிபின் இசைத்தட்டைக் கேட்ட ஆர்வத்தால் இளம்பருவத்திலேயே குருவைத் தேடி வீட்டைவிட்டுப் புறப்பட்ட பீம்சேன் ஜோஷி, 2008இல் பாரத ரத்னா விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மாணவச் செல்வங்களே! எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு அயலார் மொழியும் பாட்டும் நாள்தோறும் செவியில் விழுகின்றன. நமதை ஒத்திருப்பதைக் கேட்டு மகிழ்வதோடு நில்லாமல், ஒவ்வாததையும் பொறுமையுடன் கற்போமாக. அதற்குத் தம் குரலை நல்கிய கான் சாகிபின் வாழ்வு நமக்கு வழிகாட்டியாகும்.