சுடரில்லா விளக்கு

தமிழ் மன்றத்து நண்பர்களுக்கு என் விமானப் பைத்தியம் புதிதன்று. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் விடுதியே போர்வைக்குள் சுருண்டு கிடக்க, திடலின் கோடியிலிருந்து குளவிக் கூடு கலைந்தாற்போல் ஓர் இரைச்சல் எழுமானால், அதற்குக் காரணம் நான்தான். அந்த இரைச்சலுக்காக இதுவரை என்னை வைதவர்கள் பலர். அவர்களுக்கெல்லாம் ஒரு கதை சொல்லிக் கடன் தீர்க்கலாம் என்று எண்ணுகிறேன். கதை என் எஞ்சினில் தொடங்குகிறது. ஆனால் எஞ்சினைப் பற்றியதன்று. நூற்றுத்தொண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்னே மறைந்துபோன ஒரு மனிதரைப் பற்றியது.

என் எஞ்சின் உள்ளங்கையில் அடங்கிவிடும். கொள்ளளவு 2.5 கன சென்டிமீட்டர். வயதில் எனக்கு மூத்தது. கோவையைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் அதை ஒரு சிறு விமானத்தின் மூக்கில் பொருத்தி, ஏறக்குறைய 15 மீட்டர் நீளமுள்ள இரு எஃகுக் கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வட்டமாகப் பறக்க விடுவேன். இந்நாளில் பலர் மின்மோட்டாருக்கும் லிதியம் பாட்டரிக்கும் மாறிவிட்டார்கள். அதில் இரைச்சல் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. ஆயினும் பழைய எஞ்சின்மேல் தீராக் காதல் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் கூடினால் வேகத்தைவிட உழைப்பைப் பற்றியே அதிகம் பேசுவார்கள். எத்தனை ஆண்டு ஓடியது, பிஸ்டன் தேய்ந்ததா, இன்னும் ஒரே சுண்டில் கிளம்புகிறதா என்பவையே அவர்கள் கேள்விகள்.

நீடித்த உழைப்பின் இரகசியம் பெரிதொன்றுமில்லை. எரிபொருள் மெதனால். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் இரும்பைத் துருவாக்கும். ஆகவே நம் பாட்டிமார் வயிற்றைச் சுத்தம் செய்ய ஊற்றிக் கொடுத்த அதே விளக்கெண்ணெயை எரிபொருளோடு கலக்கிறோம். கடுஞ்சூட்டிலும் அது உலோகத்தை விட்டு எளிதில் விலகாது. புது எஞ்சினை அவசரப்படுத்தாமல் பழக்க வேண்டும். ஓடி முடிந்ததும் மிஞ்சிய எரிபொருளை எரித்துத் தீர்த்து எண்ணெய் விட வேண்டும். இவ்வளவு செய்தால் போதும், எஞ்சின் நம் படிப்பைக் கடந்தும் வாழும்.

இதில் மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் தீப்பொறி இல்லை. எஞ்சினின் தலையில் க்ளோ பிளக் என்ற சிறு பொருள் ஒன்று உண்டு. அதனுள்ளே தலைமயிர்போல் மெல்லிய பிளாட்டினக் கலவைக் கம்பிச் சுருள் இருக்கும். கிளப்பும்போது 1.5 வோல்ட் பாட்டரியால் அதைப் பழுக்க வைப்போம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பாட்டரியை எடுத்துவிடுவோம். அதன் பிறகும் கம்பி அணைவதில்லை!

சென்ற ஜனவரியில், பல்லைக் கிட்டிக்கும் வடநாட்டுக் குளிரில், இந்த எஞ்சின் என்னை ஏமாற்றியது. கிளம்பும், பாட்டரியை எடுத்த மறுகணம் நின்றுவிடும். இரண்டு வாரம் போராடினேன். கிழட்டு எஞ்சினின் காலம் முடிந்தது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பிளக்கை நான் ஐயுறவேயில்லை. பாட்டரியில் வைத்தால் அது செக்கச் செவேலென்று ஒளிர்ந்தது. திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவன், முதலாண்டு மாணவன், அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணா, பிளக்கை மாற்றிப் பார்க்கலாமே என்றான் தயங்கித் தயங்கி. மாற்றினோம். எஞ்சின் நிற்காமல் பாடியது.

பாட்டரியில் ஒளிரும் கம்பி எஞ்சினுக்குள் ஏன் அணைந்தது? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அங்கே எனக்குக் கிடைத்தவர்தாம் ஹம்பிரி டேவி.

1778 டிசம்பர் 17ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள பென்ஸான்ஸ் என்னும் கடலோர ஊரில் பிறந்தவர் டேவி. தந்தை மரச்சிற்ப வேலை செய்தவர். அவர் 1794இல் இறந்தபோது குடும்பத்துக்கு விட்டுச் சென்றது கடன். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் டேவி. மறு ஆண்டே உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தின் படியையே அவர் மிதித்ததில்லை. இரசாயனத்தைப் புத்தகம் படித்தும், கையில் கிடைத்த குப்பிகளையும் குழாய்களையும் கொண்டு சோதனை செய்தும் தாமே கற்றார். கவிதையும் எழுதினார்.

1798இல், 19ஆம் வயதில், பிரிஸ்டல் நகரில் வாயுக்களால் நோய் தீர்க்க முயன்ற ஒரு நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவர் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைத் தாமே முகர்ந்து முகர்ந்து சோதித்தார். சிரிப்பூட்டும் வாயு என்று நாம் படித்தது அதுதான். அது வலியை மறக்கச் செய்கிறது, அறுவை மருத்துவத்துக்கு உதவலாம் என்று 1800இல் எழுதியும் வைத்தார். அவ்வரியின் பொருளை உலகம் உணர 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வேறொரு நாள் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை முகர்ந்து உயிரையே இழக்கப் பார்த்தார். துணிவு என்பதா, அறியாமை என்பதா? இன்று நம் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் இப்படிச் செய்தால் அன்றே வெளியேற்றிவிடுவார்கள்.

1801இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அவரை அழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே பேராசிரியர். அப்போது அவருக்கு வயது 23. என் வயதும் அதுவே என்பதை நான் சொல்லாமல் விட்டாலும் நண்பர்கள் கணக்குப் பார்த்துவிடுவார்கள்! அவர் சொற்பொழிவைக் கேட்கப் பெருங்கூட்டம் திரண்டது. வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டன. 1807இல் மின்சாரத்தைப் பாய்ச்சி உருகிய பொட்டாஷிலிருந்து பொட்டாசியத்தையும், சில நாளில் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். 1808இல் கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம், மக்னீசியம் ஆகியவற்றையும் பிரித்தார். குளோரின் ஒரு தனிமமே என்று 1810இல் நிலைநாட்டினார். பிரான்சும் இங்கிலாந்தும் போரிட்டுக்கொண்டிருந்த நாளிலேயே பிரெஞ்சுக் கழகம் அவருக்குப் பரிசளித்தது. 1812இல் சர் பட்டம். மூன்றாம் நாள் செல்வச் சீமாட்டி ஒருவரோடு திருமணம்.

அதே 1812 மே மாதம் 25ஆம் நாள் வட இங்கிலாந்தில் பெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 92 பேர் மாண்டார்கள். அவர்களுள் சிறுவர்களும் இருந்தார்கள். சுரங்கத்தில் கசியும் வாயு, தொழிலாளியின் கைவிளக்குச் சுடரில் பற்றிக்கொள்வதே இத்தகைய வெடிப்புக்குக் காரணம். விளக்கின்றி வேலையில்லை, விளக்கிருந்தால் உயிருக்கு உறுதியில்லை. 1815இல் இச்சிக்கல் டேவியிடம் வந்தது. சுரங்கப் பகுதிக்கே சென்று வாயுவைக் கொண்டுவரச் செய்து ஆராய்ந்தார். சில மாதங்களிலேயே விடை கண்டார். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலையால் கூடு கட்டினால், வலை வெப்பத்தைப் பறித்துக்கொள்கிறது. சுடர் வலையைக் கடந்து வெளியே தாவ முடிவதில்லை. இதற்குக் காப்புரிமை வாங்கினால் பெருஞ்செல்வம் சேரும் என்று நண்பர்கள் எடுத்துச் சொன்னார்கள். டேவி வாங்கவில்லை. உலகுக்கு இலவசமாகவே வழங்கினார்.

அதே காலத்தில் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் தாமாகவே ஒரு காப்பு விளக்கைச் செய்திருந்தார். எழுத்தறிவைக்கூட வயது வந்தபின் பெற்ற ஒரு சுரங்கத் தொழிலாளி தம்மைப்போல் கண்டுபிடித்திருக்க முடியும் என்பதை டேவியால் ஏற்க இயலவில்லை. பொருளை விட்டுக்கொடுத்த மனம் பெயரை விட்டுக்கொடுக்க மறுத்தது. விளக்கு வந்தபின்னும் சுரங்கச் சாவுகள் ஒழிந்துவிடவில்லை. விளக்கு இருக்கிறதே என்ற துணிவில் முன்பு அஞ்சி ஒதுக்கிய ஆபத்தான இடங்களிலும் ஆட்களை இறக்கினார்கள் முதலாளிகள்.

இனித்தான் என் எஞ்சினின் கதை. விளக்கை மேலும் செம்மைப்படுத்த முனைந்த டேவி, 1817 தொடக்கத்தில், அதன் சுடருக்கு மேலே ஒரு மெல்லிய பிளாட்டினக் கம்பியைத் தொங்கவிட்டார். நிலக்கரி வாயுவை உள்ளே கூட்டினார். சுடர் அணைந்தது. ஆனால் கம்பி அணையவில்லை! சுடரே இல்லாத இடத்தில் அது நிமிடக் கணக்கில் தகதகவென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. வாயுவும் காற்றும் சூடான பிளாட்டினத்தின் மேற்பரப்பில் சுடரின்றியே சேர்ந்து எரிகின்றன, அவ்வெப்பமே கம்பியைப் பழுக்க வைக்கிறது என்று கண்டார். ஈதர் ஆவியிலும் ஆல்கஹால் ஆவியிலும் அப்படியே நடந்தது. பல்லேடியமும் இவ்வாறு ஒளிர்ந்தது. செம்பும் வெள்ளியும் இரும்பும் ஒளிரவில்லை. எதனால் என்று அன்று யாருக்கும் விளங்கவில்லை. 1835இல்தான் பெர்சீலியஸ் இத்தகைய செயலுக்குப் பெயர் சூட்டினார். கிரியா ஊக்கி என்று முன்பும் வினையூக்கி என்று இன்றும் நம் பாடநூல்கள் சொல்வது அதைத்தான்.

என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பாட்டரி தரும் ஒளி மின்சாரத்தின் ஒளி. எந்தக் கம்பியும் அதைத் தரும். எஞ்சினுக்குள் தொடரும் ஒளிக்கு அழுத்தத்தின் சூடும் முந்தைய எரிதலின் சூடும் மட்டும் போதா. பிளாட்டினத்தின் தூய மேற்பரப்பும் வேண்டும். என் கம்பியில் அழுக்குப் படிந்து அந்த ஆற்றல் போய்விட்டிருந்தது. மெதனாலும் ஓர் ஆல்கஹால்தானே! டேவி கண்ட கம்பியை 130 ஆண்டுகளுக்குப் பின், 1947இல், ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் மாதிரி விமான எஞ்சினின் தலையில் ஏற்றினார். தீப்பொறிக்கு வேண்டிய சுருளும் பாட்டரியும் விமானத்திலிருந்து இறங்கின. சின்னஞ்சிறு எஞ்சின்களும் இலகுவாகப் பறந்தன.

டேவியின் வாழ்வில் இன்னொரு பெயரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1812 இறுதியில் ஒரு வெடிப்பில் அவர் கண் புண்பட்டபோது, எழுத உதவியாக வந்தான் ஓர் இளைஞன். புத்தகம் கட்டும் தொழில் பழகியவன். டேவியின் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்து, அழகாகக் கட்டி, அவருக்கே அனுப்பியவன். பெயர் மைக்கேல் பாரடே. 1813 மார்ச்சில் டேவி அவனைத் தம் உதவியாளனாக்கினார். காப்பு விளக்கு ஆய்வில் பாரடே செய்த துணையைப் பெயர் சொல்லி நன்றியோடு எழுதினார். அதே டேவி, ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த 1824இல், பாரடேயை அச்சங்கத்தின் உறுப்பினராக்குவதை எதிர்த்தார்! எதிர்ப்பையும் மீறிப் பாரடே தேர்வு பெற்றார். மாணவன் வளர்வதைக் கண்டு மகிழ வேண்டிய உள்ளத்தில் எங்கிருந்து வந்தது இந்த அழுக்கு?

அவருடைய கடைசி ஆண்டுகள் இனிமையானவையல்ல. போர்க்கப்பல்களின் செம்புத் தகட்டைக் கடல்நீர் அரிக்காமல் காக்க, அதனோடு இரும்புத் துண்டுகளை இணைத்தார். செம்பு அரிக்கப்படவில்லை, ஆனால் அதில் கடற்சிப்பிகள் ஒட்டி வளர்ந்து கப்பலின் வேகம் குறைந்தது. ஊர் நகைத்தது. அம்முறையின் அடிப்படை இன்று குழாய்களையும் கப்பல்களையும் காக்கிறது என்பதை அவர் காணவில்லை. பக்கவாதம் தாக்கியது. 1827இல் தலைமைப் பதவியைத் துறந்தார். 1829 மே 29ஆம் நாள் ஜெனீவாவில் இறந்தார். வயது 50. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் டேவியல்லர், நான். எஞ்சின் மீண்டும் ஓடியதைக் கண்ட நண்பர்கள் எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்டார்கள். பிளக் கெட்டிருந்தது, கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். தம்பி அருகில்தான் நின்றான், ஒன்றும் பேசவில்லை. ராயல் சொசைட்டி எங்கே, நம் விடுதித் திடல் எங்கே! ஆயினும் கம்பியில் படிவது ஒரே அழுக்குத்தான். வெளியிலிருந்து பாட்டரி கொடுக்கும்வரை செக்கச் செவேலென்று ஒளிரும். பாட்டரியை எடுத்த பிறகுதான் தெரியும்.

ஆகவே இதைப் படிக்கும் எல்லாருக்கும் அறிவிக்கிறேன். பிளக்கின் குறையைக் கண்டவன் திருநெல்வேலித் தம்பி; நானல்லன். வரும் மே மாதத்தோடு என் படிப்பு முடிகிறது. எஞ்சினையும் அரைக் குப்பி விளக்கெண்ணெயையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரைச்சலுக்கு இனி அவனை வையுங்கள்!