தந்தை தேடிய நிலம்

சுவாமி மலையிலே கோணேசப் பெருமான் திருக்கோயில் பறங்கியரால் இடிபட்டதையும், அடியார்கள் திரட்டிய பொருளாற் புதுக்கப்பெற்று 1963இல் கும்பாபிஷேகம் கண்டதையும் நாம் அறிவோம். முன்னோர் தேட்டத்தைக் காக்க ஊர்கூடிப் பொருள் சேர்ப்பது திருகோணமலையாராகிய நமக்குப் புதிதன்று. உலகம் போற்றிய கவிஞர் ஒருவரும் அதன்பொருட்டுக் கையேந்தி நின்றார். அவர் இரவீந்திரநாத தாகூர். அவர் சரிதத்தை இம்மலரில் நம் வாலிபர்க்குக் கூற விழைகின்றோம்.

இரவீந்திரர் 1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் திகதி கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் மகரிஷி தேவேந்திரநாதர். அவர் 1863இல் போல்பூருக்கு அருகே இருபது பீகா வறண்ட செம்மண் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, தியானத்துக்கென ஓர் ஆச்சிரமம் அமைத்தார். அதுவே சாந்திநிகேதனம். 1888இல் அதனைத் தருமசாதனஞ் செய்தபோது, ஆண்டுதோறும் அங்கே மேளா ஒன்று கூடவேண்டுமென்றும் விதித்தார். மார்கழியிற் கூடும் பௌஷ மேளா அவ்வாறு தோன்றியதே.

1901இல் இரவீந்திரர் அந்நிலத்தில் ஐந்து மாணவருடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன் செலவுக்காக மனைவியார் மிருணாளினி தம் நகைகளையே கொடுத்துதவினார். அடுத்த ஆண்டில் அவ்வம்மையார் காலமாயினார். 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. 1921இல் பள்ளி விசுவபாரதியாக விரிந்தது. புகழ் பெருகியதுபோலவே செலவும் பெருகியது.

எழுபது வயதைக் கடந்த பின்னரும் அம்முதியவர் மாணவர் குழுவுடன் ஊர் ஊராகச் சென்று நாட்டிய நாடகம் நடத்திப் பொருள் சேர்த்தார். 1934இல் நம் இலங்கைக்கும் வந்தார். கொழும்பிலே சாபமோசனம் அரங்கேறியது. 1936இல் அவர் டெல்லியில் இவ்வாறு அலைவதைக் கண்டு மனம் வருந்திய காந்தியடிகள், அன்பர் ஒருவரிடம் 60,000 ரூபாய் பெற்றுக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைத்தார்.

1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் திகதி குருதேவர் மறைந்தார். 1951இல் விசுவபாரதி மத்திய பல்கலைக்கழகமாயிற்று. 2023இல் சாந்திநிகேதனம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது.

அன்பர்காள்! அத்தகைய பெரியார் தம் முதுமையையும் பொருட்படுத்தாது பிறர் வாயிலில் நின்றார். நம் சங்கத்து வாலிபர் ஆண்டுக்கொருமுறை பற்றுச்சீட்டுப் புத்தகமும் கையுமாக வீடு வீடாகச் செல்ல நாணலாமோ? கொடுக்குங் கைகளும், கேட்கக் கூசாத நாவும் உள்ளவரை, முன்னோர் வைத்துப்போன எதுவும் அழியாதென நம்புகின்றோம்.