மலையில் நடந்தவர்

ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊரான டன்பாரில் 1838-ஆம் ஆண்டு ஜான் மியூர் பிறந்தார். பதினோராம் வயதில் தந்தையுடன் கப்பலேறி அமெரிக்கா சென்றார். அங்கு விஸ்கான்சின் மாநிலத்தில் அக்குடும்பம் காட்டைத் திருத்தி விளைநிலமாக்கியது. பகல் முழுவதும் வயல்வேலை. தந்தையோ மிகவும் கண்டிப்பானவர். விடியுமுன் எழுந்தால் மட்டும் தன் விருப்பம்போல் படிக்கலாம் என அவர் இசைவளித்தார். சிறுவன் நள்ளிரவு ஒரு மணிக்கே எழுந்துவிட்டான்! கடுங்குளிரில் நிலவறையில் அமர்ந்து மரத்தாலேயே கடிகாரங்களும் செய்தான்.

1867-ஆம் ஆண்டு அவர் இண்டியானாபொலிஸ் நகரத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றினார். அங்கே கையிலிருந்த அரம் நழுவி வலக்கண்ணைத் துளைத்தது. மற்றொரு கண்ணும் ஒளியிழந்தது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். பார்வை மீண்டதும் எந்திரங்களை விட்டு நீங்கி, மெக்சிகோ வளைகுடாவரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நடந்தார். அவர் பையில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பாடல்கள் இருந்தன. பிறந்த மண்ணின் ஒலிப்பும் அவர் பேச்சிலிருந்து இறுதிவரை மறையவில்லை.

மறு ஆண்டு கலிபோர்னியா வந்தடைந்தார். 1869-ஆம் ஆண்டுக் கோடையில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகளுடன் சியரா நெவாடா மலைகளில் ஏறினார். யோசெமிட்டிப் பகுதியின் அருவிகளும் பாறைகளும் அவரை ஆட்கொண்டன. ஆயினும் மந்தை சென்ற வழியெங்கும் புல்லும் பூவும் அழிவதைக் கண்டு வருந்தினார். அம்மந்தையை ஓட்டிச் சென்றவர்களுள் தாமும் ஒருவர் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

ரொட்டியும் தேயிலையும் குறிப்பேடும் கொண்டு தனியே நடப்பதே அவர் வழக்கம். 1872-இல், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரமுள்ள ரிட்டர் சிகரத்தில் ஏறுகையில், செங்குத்துப் பாறையின் நடுவே கையையோ காலையோ அசைக்க இயலாமல் நின்றார். கீழே பனிப்பள்ளம். சிறிது நேரத்தில் மனம் தெளிந்தது, பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் கண்ணுக்குப் புலப்பட்டது, ஏறி முடித்தார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு நிலம் அமிழ்ந்ததால் உண்டானது என அரசின் நிலவியலாளர் கூறிவந்தார். பனியாறுகளே அதனைக் குடைந்தன என்று மியூர் வாதிட்டார். பனியில் முளைகள் நட்டு, அவை நகர்வதையும் அளந்து காட்டினார். பள்ளிப்படிப்பு இடையில் நின்றவர் நடந்தே கற்ற நிலவியல் அது.

எல்லாவற்றையும் நுணுகிக் கண்ட அக்கண்கள் ஒன்றை மட்டும் சரியாகக் காணவில்லை. பள்ளத்தாக்கின் பழங்குடியினரைப் படைவீரர்கள் 1851-லேயே விரட்டியிருந்தனர். எஞ்சியோரைப் பற்றி மியூர் தொடக்கத்தில் இழிவாகவே எழுதினார்.

அவருடைய கட்டுரைகள் பலரை விழிப்புறச் செய்தன. 1890-இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவாயிற்று. பள்ளத்தாக்கு மட்டும் மாநிலத்தின் பொறுப்பிலேயே இருந்தது. 1903-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் அங்கு வந்து மியூருடன் மூன்று இரவுகள் வெட்டவெளியில் உறங்கினார். ஒரு காலை கண்விழித்தபோது அவர்கள் போர்வைமீது பனி படிந்திருந்தது. 1906-இல் பள்ளத்தாக்கும் பூங்காவுடன் இணைந்தது.

அதே பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட சான்பிரான்சிஸ்கோ நகரம் விரும்பியது. நகருக்குக் குடிநீர் தேவை என்பதும் உண்மையே. மியூர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடினார். 1913-இல் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு திசம்பர் 24-ஆம் நாள் அவர் மறைந்தார். 1923-இல் அணை எழுந்தது. அவர் நடந்த புல்வெளி நீரில் மூழ்கியது. அந்நீரையே சான்பிரான்சிஸ்கோ மக்கள் இன்றும் பருகுகின்றனர்.