தோற்றுத் திரும்பிய பாதிரியாரை மாற்றிய திறந்தவெளி: யார் இந்த ஜான் வெஸ்லி?

சென்னை ராயப்பேட்டை பக்கம் போகிறவர்கள் வெஸ்லி என்ற பெயரை ஒரு தேவாலயத்திலும் ஒரு பள்ளியிலும் பார்த்திருப்பீர்கள். 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பெயர்தான் அது. பெரிய இயக்கத்தின் தலைவர் என்றதும் ஆரம்பத்திலிருந்தே உற்சாகமாக ஓடியவர் என்று தோன்றும். உண்மை அப்படி இல்லை. 34 வயதில் அவர், பிரசங்கம் செய்வதையே நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு பாதிரியார்.

எல்லாம் இருந்தும் என்ன குறை?

1703-ல் லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள எப்வொர்த் என்ற ஊரில் பிறந்தார் வெஸ்லி. அப்பா சாமுவேல் அந்த ஊர்ப் பாதிரியார். அம்மா சூசன்னா பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1728-ல் ஆங்கிலிக்கன் சபையின் குருவாக அபிஷேகம் பெற்றார். லிங்கன் கல்லூரியில் ஆசிரியர் பதவியும் இருந்தது.

தம்பி சார்லஸும் நண்பர்களும் சேர்ந்து நடத்திய சின்னக் குழுவுக்கு அவரே தலைவரானார். ஜெபம், உபவாசம், சிறையில் இருப்பவர்களைப் பார்க்கப் போவது என்று எல்லாவற்றுக்கும் நேரக் கணக்கு. எதையும் ஒரு முறைப்படி செய்ததால் மற்ற மாணவர்கள் கிண்டலாக வைத்த பெயர்தான் மெதடிஸ்ட்.

இவ்வளவு செய்தும் மனதில் நிம்மதி இல்லை. காரணம், அந்த ஊழியத்தின் மையத்தில் இருந்தது அவரேதான். 1735-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்துக்குக் கிளம்பியபோதுகூட, தன் ஆத்துமாவைக் காப்பாற்றிக்கொள்வதே முதல் நோக்கம் என்று நண்பருக்கு எழுதினார்.

ஜார்ஜியாவில் என்ன ஆச்சு?

போகும் வழியிலேயே ஒரு அடி. 1736 ஜனவரியில் கடும் புயல் கப்பலை உலுக்கியது. பலர் அலறியபோது, ஜெர்மனியிலிருந்து வந்த மொராவியக் கிறிஸ்தவர்கள் குழந்தைகளோடு அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். வெஸ்லிக்கோ சாவு பயம். தன்னிடம் இல்லாத ஏதோ ஒன்று அவர்களிடம் இருப்பது புரிந்தது.

சவானா ஊரில் ஊழியம் ஒத்துவரவில்லை. சட்டதிட்டங்களில் அவர் காட்டிய கண்டிப்பு ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கல. அவர் நேசித்த சோஃபியா ஹாப்கி வேறொருவரை மணந்தார். பிறகு அவருக்குத் திருவிருந்து கொடுக்க வெஸ்லி மறுத்தது வழக்கானது. 1737 டிசம்பரில் வழக்கு முடியும் முன்பே ஜார்ஜியாவை விட்டுக் கிளம்பினார். கிட்டத்தட்ட தப்பி ஓடிய கதைதான்.

ஒரே ராத்திரியில் மாறினாரா?

லண்டன் திரும்பியவருக்கு பீட்டர் போலர் என்ற இளம் மொராவியப் போதகரின் நட்பு கிடைத்தது. விசுவாசமே இல்லாத நான் எப்படிப் பிரசங்கம் செய்வது, விட்டுவிடட்டுமா என்று வெஸ்லி கேட்டார். விடாதே, விசுவாசம் வரும்வரை அதைப் பற்றியே பேசு, வந்த பிறகு வந்ததால் பேசுவாய் என்பதுதான் போலர் சொன்னதன் சாரம்.

1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்துக்கு அரைமனதாகப் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், தன் முயற்சியால் இல்லை, கிறிஸ்துவால் தன் பாவமும் மன்னிக்கப்பட்டது என்ற நம்பிக்கை முதல்முறையாக உள்ளே இறங்கியது. மெதடிஸ்டுகள் இன்றும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள்.

ஆனால் கதை அங்கே முடியல. அடுத்த ஜனவரியிலேயே, தன்னிடம் அன்பும் சந்தோஷமும் இல்லை என்று மறுபடியும் நாட்குறிப்பில் புலம்பினார். அந்த ஒரு மாலை கதவைத் திறந்தது, அவ்வளவுதான். நடக்க வைத்தது வேறொன்று.

திறந்தவெளிக்கு வந்தது எப்படி?

பிரிஸ்டல் அருகே கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வெட்டவெளியில் பிரசங்கம் செய்துகொண்டிருந்த நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு, உதவிக்கு வெஸ்லியை அழைத்தார். தேவாலயச் சுவர்களுக்கு வெளியே பிரசங்கம் செய்வதே முறைகேடு என்று நினைத்து வளர்ந்தவர் வெஸ்லி. தயங்கித் தயங்கித்தான் போனார்.

1739 ஏப்ரல் 2, பிரிஸ்டலில் ஒரு மேட்டின் மீது நின்று பேசினார். சுமார் 3,000 பேர் கேட்டதாக அவரே குறித்திருக்கிறார். யாரும் தேடிப்போகாத மக்கள் அவர்கள். அதன்பிறகு நாட்குறிப்பின் தொனியே மெல்ல மாறுகிறது. தன் மனநிலையை அளந்துகொண்டிருந்தவர், எந்த ஊரில் யாருக்கு என்ன தேவை என்று எழுத ஆரம்பித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு?

பேசிவிட்டுப் போவதோடு அவர் நிறுத்தவில்லை. 1742-ல் பிரிஸ்டல் கட்டடக் கடனை அடைக்க ஒரு ஏற்பாடு நடந்தது. 12 பேருக்கு ஒரு தலைவர், வாரம் ஆளுக்கு ஒரு பென்னி. வசூலுக்காக வீடு வீடாகப் போனவர்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் குடியில் விழுந்துவிட்டார்கள் என்பதையும் கண்டுபிடித்தார்கள். காசு வசூல் அப்படியே ஒருவரையொருவர் கவனிக்கும் குழுவானது. தலைவர்களாக இருந்தவர்கள் சாதாரணத் தொழிலாளிகள், பெண்களும் உண்டு.

லண்டனில் பாழடைந்து கிடந்த பீரங்கி வார்ப்புத் தொழிற்சாலையை வாங்கிக் கூடுமிடமாக்கினார். 1746-ல் ஏழைகளுக்கு இலவச மருந்தகமும் சிறு கடன் நிதியும் தொடங்கினார்.

எதிர்ப்பு இல்லையா? நிறைய. பல தேவாலயங்கள் கதவை மூடின. 1743-ல் வெட்னஸ்பரியில் கலவரக் கும்பல் அவரைத் தாக்கியது. சொந்த ஊர் எப்வொர்த்தில் பிரசங்க மேடை மறுக்கப்பட்டபோது, அப்பாவின் கல்லறை மீது ஏறி நின்று பேசினார்.

இழப்பும் இருந்தது. 1751-ல் செய்துகொண்ட திருமணம் கசந்து பிரிவில் முடிந்தது. ஓயாத பயணத்துக்கும் அதில் பங்கு உண்டு.

எங்கே போய் முடிந்தது?

குதிரையிலும் வண்டியிலுமாக அவர் சுமார் 4 லட்சம் கிலோமீட்டர் பயணித்து, 40,000 பிரசங்கங்கள் செய்ததாக மதிப்பிடப்படுகிறது. 1774-ல் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து நூல் வெளியிட்டார். 1791 பிப்ரவரியில், அதை ஒழிக்கப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸுக்கு ஊக்கக் கடிதம் எழுதினார். சில நாட்களில், மார்ச் 2-ம் தேதி, 87 வயதில் மறைந்தார். கடைசிவரை அவர் ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தார்.

1814-ல் மெதடிஸ்ட் மிஷனரிகள் இலங்கைக்கு வந்தார்கள். பின்னர் தமிழகத்திலும் அவர்களின் பணி பரவியது. 1947-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்த சபைகளில் மெதடிஸ்ட் சபையும் ஒன்று.

சந்தோஷம் வந்த பிறகுதான் வேலையைத் தொடங்குவேன் என்று வெஸ்லி காத்திருந்தால், 1738-லேயே ஒதுங்கியிருப்பார். சுரங்கத் தொழிலாளிகளைத் தேடி அவர் போனார். அதுவரை கிடைக்காத சந்தோஷம் அந்த வேலைக்கு நடுவில்தான் வந்து சேர்ந்தது.