முதியோரின் அன்னை புனித ஜீன் ஜூகன்

காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. இன்று துள்ளித் திரியும் நாமும் ஒருநாள் தளர்ந்து, கோலூன்றி நடக்க வேண்டியவர்களே. ஆனால் இளமை அதை மறந்துவிடுகிறது. மறவாத ஒருவர் இருந்தார். வீதியில் கிடந்த முதியவர்களைத் தேடிச் சென்று, ஒவ்வொருவரின் தேவையையும் கேட்டறிந்து, அவர்களுக்காகக் கூடை ஏந்தி வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அவர்தாம் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையை நிறுவிய புனித ஜீன் ஜூகன்.

பிரான்சு நாட்டின் பிரித்தானி மாநிலத்தில், கடலோரத்தில் கான்கால் என்னும் மீனவர் ஊர் உள்ளது. அங்கே 1792-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், எட்டுக் குழந்தைகளில் ஆறாவதாக ஜீன் பிறந்தார். அவருக்கு நான்கு வயது நிறைவதற்குள், மீன்பிடிக்கச் சென்ற தந்தை கடலோடு போய்விட்டார். கரையில் காத்திருந்த குடும்பத்திற்குக் கண்ணீரே மிஞ்சியது. அது பிரெஞ்சுப் புரட்சிக் காலம். கோயில்கள் மூடப்பட்டிருந்தன, குருக்கள் மறைந்து வாழ்ந்தனர். எனினும் அந்த ஏழைத் தாய் வீட்டிற்குள்ளேயே பிள்ளைகளுக்குச் செபமும் ஞானோபதேசமும் கற்றுக் கொடுத்தார்.

ஏறக்குறைய நம் வயதில், ஜீன் ஒரு பிரபுக் குடும்பத்தில் சமையற்கட்டு வேலைக்குச் சேர்ந்தார். அவ்வீட்டு அம்மையார் இரக்க குணம் மிக்கவர். ஏழைகளையும் நோயாளிகளையும் காணச் செல்லும்போது ஜீனையும் உடன் அழைத்துச் செல்வார். உதவி பெறுகிறவரின் மனம் நோகாமல் உதவுவது எப்படி என்பதை அங்கேதான் அவர் கற்றார். ஒரு மாலுமி அவரை மணக்க விரும்பிக் கேட்டபோது, இறைவன் தம்மை வேறொரு பணிக்காக வைத்திருக்கிறார் என்று தாயிடம் சொல்லி மறுத்துவிட்டார். அப்பணி எது என்பது அவருக்கே அப்போது தெரியாது!

25-ஆம் வயதில், தம்மிடமிருந்த நல்ல ஆடைகளைச் சகோதரிகளுக்குக் கொடுத்துவிட்டு, சென் செர்வான் என்ற நகருக்குச் சென்றார். அங்கே மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். ஆறு ஆண்டுகளில் உடல் நலிந்தது. பிறகு லெகோக் என்ற அம்மையாரின் வீட்டில் பணிப்பெண்ணாகவும் தோழியாகவும் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1835-இல் அந்த அம்மையார் இறந்தபின், பிரான்சுவாஸ் என்ற மூதாட்டியோடும், வெர்ஜினி என்ற அனாதைப் பெண்ணோடும் சிறியதொரு வாடகை வீட்டில் குடியிருந்தார். மூதாட்டி நூல் நூற்றார். வெர்ஜினி தையல் வேலை செய்தாள். ஜீன் பிறர் வீடுகளில் நாட்கூலிக்குச் சென்றார்.

1839-ஆம் ஆண்டின் குளிர்காலம். அன் ஷோவான் என்றொரு விதவை, கண் பார்வை இழந்தவர். உடலின் ஒரு பக்கமும் செயலற்றுப் போனவர். அவரைக் கவனித்து வந்த தங்கையும் நோயுற்று மருத்துவமனைக்குச் சென்றுவிட்டதால், கேட்பாரின்றிக் கிடந்தார். செய்தி அறிந்த ஜீன் ஓடிச் சென்றார். அந்த மூதாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, குறுகிய படிகளின் வழியே மேலேற்றி, தம் படுக்கையிலேயே கிடத்தினார். தாம் கூரைக்கு அடியிலுள்ள பரணில் போய்ப் படுத்துக் கொண்டார். அப்போது அவருக்கு வயது 47. சபை தொடங்கிய கதை இவ்வளவுதான். திட்டமும் இல்லை, பணமும் இல்லை. ஒரு படுக்கை மட்டுமே இருந்தது. அதையும் அவர் கொடுத்துவிட்டார்.

விரைவில் இன்னொரு மூதாட்டி வந்து சேர்ந்தார். மேரி ஜாமே என்ற இளம்பெண்ணும் வெர்ஜினியோடு சேர்ந்து பணிசெய்ய முன்வந்தாள். 1841-இல் பெரிய வீடொன்றுக்கு மாறி 12 பேரைப் பராமரித்தார்கள். மறு ஆண்டே பழைய மடக் கட்டடம் ஒன்றை வாங்கினார்கள். வீடு கிடைத்தது, ஆனால் அத்தனை பேருக்கும் உணவு ஏது?

அந்த முதியவர்களில் பலர் அதுவரை தெருவில் பிச்சை எடுத்தே பிழைத்தவர்கள். மறுபடியும் அவர்களைத் தெருவுக்கு அனுப்ப ஜீனுக்கு மனம் வரவில்லை. ஆகவே யார் யார் வழக்கமாக உதவுவார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களுக்குப் பதிலாகத் தாமே கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மீந்த ரொட்டி, பழந்துணி, கம்பளி, விறகு என்று எது கொடுத்தாலும் நன்றியுடன் வாங்கினார். இது அவருக்கு எளிதாகவா இருந்திருக்கும்? பிரித்தானி நாட்டு மக்கள் மானம் மிக்கவர்கள். ஒருமுறை ஒருவர் கோபத்தில் அவரை அறைந்துவிட்டார். ஜீன் அமைதியாக, அந்த அறை தமக்கு உரியது, இனி தம் ஏழைகளுக்கு உரியதைத் தரும்படி வேண்டிக் கொண்டாராம்.

முதியவர்களை அவர் சோம்பியிருக்க விடவில்லை. இயன்றவர்களை நூல் நூற்கவும் சிறு வேலைகள் செய்யவும் ஊக்கினார். தாங்கள் இன்னும் பயனுள்ளவர்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு மருந்தைவிட மேலாக உதவும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆன்ஜே நகர் இல்லத்தில், வெறும் ரொட்டியை மட்டும் தின்றுகொண்டிருந்த முதியோரைக் கண்டு, புனித சூசையப்பரின் சுரூபத்தின் முன் காலியான வெண்ணெய்ச் சாடிகளை வைத்துச் செபிக்கச் சொன்னார். சில நாட்களில் ஒரு நல்ல மனிதர் நிறைய வெண்ணெய் அனுப்பி வைத்தார். வயிறு நிறைந்தால் போதும் என்று மட்டும் அவர் எண்ணவில்லை. வயதானவரின் நாவுக்குச் சிறு மகிழ்ச்சியும் வேண்டும் என்று எண்ணினார்.

இனி வரும் பகுதியைப் படித்தபோது எனக்கு மிகுந்த கோபம் வந்தது. 1843 டிசம்பரில் சகோதரிகள் ஜீனையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தனர். ஆனால் அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த லெ பையர் என்ற குரு, சில நாட்களிலேயே அத்தேர்தலைத் தள்ளிவிட்டு, 23 வயது மேரி ஜாமேயைத் தலைவியாக்கினார். ஜீன் மறுபேச்சின்றிப் பணிந்து, மீண்டும் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார். 1845-இல் பிரெஞ்சுக் கழகம் அவருடைய தொண்டைப் பாராட்டி 3,000 பிராங்கு மதிப்புள்ள மோந்தியோன் பரிசை அளித்தது. நாடே போற்றிய அந்தப் பெண்மணி தம் சொந்த இல்லத்தில் தலைவியாக இல்லை! 1852-இல் சபைக்கு ஆயரின் அனுமதி கிடைத்ததும், அவரைத் தாய் மடத்திற்கு அழைத்து, உபகாரிகளோடு தொடர்பு வைக்கக் கூடாது என்று கட்டளையிட்டனர். சபையை நிறுவியவர் அந்தக் குருவே என்று எங்கும் சொல்லப்பட்டது. நவகன்னியர் நடுவே, சிலுவையின் சகோதரி மரியா என்ற பெயரில், 27 ஆண்டுகள் ஜீன் மறைந்து வாழ்ந்தார். தங்களோடு விறகு சுமந்த அந்தக் கிழவிதான் சபையின் தாய் என்பது நவகன்னியருக்குத் தெரியாது.

அவர் ஏன் வாய் திறக்கவில்லை? நான் பலமுறை யோசித்தேன். அநீதியைப் பொறுத்துக்கொள்வதுதான் புண்ணியம் என்று நான் எண்ணவில்லை. அந்தக் குரு செய்தது தவறு. 1890-இல் திருச்சபையே விசாரித்து அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஆனால் ஜீன் தமக்காக வழக்காடியிருந்தால், அந்தச் சண்டையில் உடைந்திருக்கக் கூடியது முதியவர்களின் வீடு அல்லவா? தம் பெயரைவிட அவர்களுடைய படுக்கை அவருக்குப் பெரிதாக இருந்தது. முதலில் படுக்கையைக் கொடுத்தவர், பின்னர் பெயரையும் கொடுத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைசி ஆண்டுகளில் அவருக்கும் பார்வை ஏறக்குறைய மங்கிவிட்டது. பார்வையற்ற மூதாட்டியைச் சுமந்தவர், தாமே பார்வையற்ற மூதாட்டியாகி, 1879 ஆகஸ்டு 29 அன்று தமது 86-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அன்று அச்சபையில் ஏறக்குறைய 2,400 சகோதரிகள் இருந்தனர். மூன்றே ஆண்டுகளில், 1882-இல், அச்சபை நம் நாட்டின் கல்கத்தாவிலும் கால் வைத்தது. உண்மை மெல்ல வெளிவந்தது. 1982-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2009 அக்டோபர் 11 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் புனிதராகவும் உயர்த்தினர்.

அன்புத் தோழியரே! நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நம் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு பாட்டி அமர்ந்திருக்கலாம். சொன்னதையே திரும்பச் சொல்லலாம். இந்தக் கட்டுரைக்காகப் படிக்கத் தொடங்குவதற்கு முன், என் பாட்டி கண்ணாடியைத் தேடித் தரச் சொன்னால் படிக்கிற சாக்கில் எழாமல் இருந்திருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. ஜீன் செய்த முதல் காரியம் பெரிய காரியம் அன்று. எழுந்து போய், என்ன வேண்டும் என்று கேட்டார். அதை இன்று மாலையே நாமும் செய்யலாம்.